சென்னியப்பனுக்குப் பிடித்தது

செத்துப்போன புருஷனுக்கு என்ன பிடிக்கும் என்று பெண்டாட்டியைக் கேட்பது ஒரு மரியாதைக்குத்தான். விடை ஊருக்கே தெரியும். பெண்டாட்டிக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். கருமாதிக்கு முந்தின நாள் பொழுது சாயும் வேளையில், போனவருக்குப் பிடித்ததை ஆக்கி, அவர் படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்து நிற்க வேண்டும். அவர் வந்து ஆற அமரத் தின்றுவிட்டுப் போவார். பிடிக்காததை வைத்தால் வாசலோடு திரும்பிவிடுவார், அப்புறம் எத்தனை அமாவாசைக்குப் படைத்தாலும் வர மாட்டார் என்று அந்தப் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு.

ஆகவே முத்தாயம்மாள் காலையில் கேட்டபோது தமிழ்ச்செல்வி யோசிக்கவே இல்லை. முத்தாயம்மாள், செத்துப்போன சென்னியப்பனுக்கு மூத்தவள், ஒரே அக்கா; தமிழ்ச்செல்விக்கு நாத்தனார், அந்தப் பக்கத்துப் பேச்சில் நங்கை. கருமாதி முடிகிற வரைக்கும் இந்த வீட்டின் அதிகாரம் தன்னுடையது என்று தானே தீர்மானம் போட்டுக்கொண்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள்.

"எலைக்கு என்ன சாமி ஆக்கறது?"

"பச்சப்பயிறு கடைஞ்சு நெய் ஊத்தி வெச்சாப் போதுங்க நங்கை. அவுங்களுக்கு வேறென்ன வேணும்."

"அதுதான. என்ற தம்பிக்குப் பயிறுன்னா உசுரு."

அந்த விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் தமிழ்ச்செல்வி நினைத்தாள்.

சென்னியப்பன் போர்வெல் ரிக்கில் டிரில்லர். திருச்செங்கோட்டுப் பக்கம் அது என்ன வேலை என்று கைக்குழந்தைக்கும் தெரியும். மற்ற ஊர்க்காரர்களுக்குச் சொல்வதென்றால், லாரிமேல் ஏற்றிய துளைபோடும் இயந்திரத்தோடு வடநாடெல்லாம் அலைந்து, யார் யார் காட்டிலோ தண்ணீருக்குத் துளை போடுகிற வேலை. அங்கே மழை பிடித்தால் வேலை நிற்கும், ஆட்கள் வீடு திரும்புவார்கள். அதுபோக மாரியம்மன் பண்டிகைக்கோ தீபாவளிக்கோ ஒரு நடை. ஆடிக்கொருதரம் அமாவாசைக்கொருதரம் என்பார்களே, அதில் அமாவாசையைக் கழித்துவிட்டால் சென்னியப்பன் வீட்டுக்கு வந்த லட்சணம் சரியாக இருக்கும். மகளைப் பெற்று வளர்த்து ஓமலூரில் கட்டிக்கொடுத்தும் ஆயிற்று. ஆனாலும் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கூரையில் இருந்த நாட்களை மட்டும் சேர்த்துப் பார்த்தால் தமிழ்ச்செல்வியைப் புதுப்பெண் என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்தத் தடவை சத்தீஸ்கரில் துளைக்குள் இரும்பு ராடு இறக்கிக்கொண்டிருந்தவர், நெஞ்சை அடைக்கிறது என்று லாரி நிழலில் போய் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. ஆம்புலன்சில் ஆட்டையாம்பட்டி தாண்டி இந்த ஊருக்கு வந்து சேர்ந்தபோது அழுவதற்குக்கூட நேரம் கொடுக்காமல் எடுத்துவிட்டார்கள். கூட வேலை செய்தவர்கள் ரிக்கை விட்டுவிட்டு உடனே வர முடியவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். தங்கமான மனுஷன். அதிர்ந்து பேசமாட்டார். இருக்கிற இடம் தெரியாது. தமிழ்ச்செல்வி தலையாட்டிக்கொண்டிருந்தாள். அதில் ஒரு எழுத்துப் பொய்யில்லை. வீட்டுக்கு வந்தால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். தன் சட்டையைத் தானே மடிப்பார். தன் வீட்டுப் பானையில் தண்ணீர் மொள்ள, "எடுத்துக்கலாமா?" என்று கேட்பார். ஆடுகிற கட்டில்காலுக்கு ஆப்பு வைப்பார், துருப்பிடித்த தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விடுவார், பிறகு மறுபடியும் நாற்காலி. அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இந்தா" என்பார், அவ்வளவுதான். அவளும் அதிர்ந்து பேசியதில்லை. வருஷத்தில் நாலு நாள் வருகிற மனுஷன், விருந்தாளி மாதிரி. விருந்தாளியிடம் யாராவது முகம் சுளிப்பார்களா?

அவர் வந்த அன்று எப்போதும் பயிறுதான். கல்யாணமான புதிதில் முத்தாயம்மாள் காதோடு சொல்லிவைத்த ரகசியம் அது. இலையில் சோறு போட்டு, பயிற்றைக் கடைந்து ஊற்றி, நெய் விட்டு, பக்கத்தில் நின்றுகொள்வாள். "நல்லாருக்குதுங்களா?" என்பாள். "ம்" என்பார். ஒரு பருக்கை மிச்சம் வைக்கமாட்டார். அவர் எழுந்து கை கழுவிப் போன பிறகு அவள் அடுப்படியில் போய்த் தின்பாள். அப்படித்தான் எல்லா வீட்டிலும். அந்த "ம்"முக்காக அவள் வருஷம் பூராவும் காத்திருந்தாள் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் அதுதான் நிஜம். அந்த மனுஷன்மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை.

மத்தியானம் ரிக்கு ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். மணிமாறன் வண்டி ஓட்டுகிறவன், முப்பது வயதிருக்கும். அப்புசாமி ரிக்கு ஆட்களுக்குச் சோறு ஆக்குகிறவர், நரைத்த மீசை. வண்டியை ஊர் சேர்த்துவிட்டு நேராக இங்கே வந்திருந்தார்கள். உள்ளே வந்ததும் மாலை போட்ட படத்தைப் பார்த்து மணிமாறன் தேம்பி அழுதான். அழுது முடித்ததும் இருவரும் தமிழ்ச்செல்வியை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. சுவரோரம் தரையில் குந்திக்கொண்டு, அவள் ஏதாவது சொல்லிவிடுவாள் என்று பயந்தவர்கள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டார்கள்.

உறவுக்காரர்களுக்கு ஆக்கிய அரிசிம்பருப்புச் சோற்றை மகள் ஜெயப்பிரியா அவர்களுக்குப் பரிமாறினாள். அப்புசாமி இரண்டு வாய் தின்றிருப்பார். அடுப்படியிலிருந்து வாசம் வந்தது. மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்.

"பயிறு வறுக்கறாங்களாட்டங் கெடக்குதுங்க. ஆருக்குங்க?"

"அப்பாவுக்குத்தாங்க. படையலுக்கு" என்றாள் ஜெயப்பிரியா.

அப்புசாமி மணிமாறனைப் பார்த்தார். மணிமாறன் இலையைப் பார்த்தான்.

"ஏனுங்க?" என்றாள் தமிழ்ச்செல்வி.

"ஒண்ணுமில்லீங்கக்கா."

"சொல்லுங்க."

"அண்ணனுக்கு…" மணிமாறன் இழுத்தான். "அண்ணனுக்குப் பயிறு ஆகாதுங்களேக்கா. எங்க சாப்பாட்டுல பயிறு வந்தா எந்திரிச்சுப் போயிருவாரு. அதுக்கோசரமே அப்புசாமியண்ணன் பயிறு வாங்கறதில்லீங்க."

தமிழ்ச்செல்விக்குச் சிரிப்பு வந்தது. இழவு வீடாயிற்றே என்று அடக்கிக்கொண்டாள். "வேற ஆரையோ நெனச்சுட்டுச் சொல்றீங்க."

"அண்ணனுக்குப் புடிச்சது பச்சப்புளி ரசமுங்க" என்றார் அப்புசாமி. "என்னய ஆக்க உடமாட்டாரு. அவரே புளியக் கரைச்சு, வெங்காயமும் பச்சமொளகாயும் கையால நசுக்கிப் போட்டு, ஒரு குண்டா நெறையக் கலக்குவாரு. அப்ப அவர் பேசற பேச்சிருக்குதே, சிரிச்சுச் சிரிச்சு எங்களுக்கு வவுறு புண்ணாப் போயிருமுங்க."

"ஆரு பேசுவாங்க?"

"அண்ணந்தானுங்க. அவர் வாய மூடி நான் பாத்ததில்லீங்க."

தமிழ்ச்செல்வி மகளைப் பார்த்தாள். மகள் அவளைப் பார்த்தாள். வீட்டில் எலி வெளியில் புலி என்று ஆயிரம் ஆண்களைச் சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்தப் பழமொழிக்குள் சென்னியப்பனை எந்தப் பக்கத்திலிருந்து தள்ளினாலும் நுழையவில்லை. நாற்காலியில் கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுஷனை அவள் நினைத்துப் பார்த்தாள். அந்த வாய் திறந்து, அதிலிருந்து பேச்சு வந்து, அதற்கு நாலு பேர் சிரிப்பது எப்படி என்று கற்பனைகூடச் செய்ய முடியவில்லை.

மணிமாறன் பையிலிருந்து ஒரு கட்டு பீடியை எடுத்துத் தயங்கித் தயங்கிக் கீழே வைத்தான். "இதும் எலையில வெக்கோணுங்கக்கா. அண்ணன் விரும்பிக் குடிப்பாரு."

அவள் இதுவரை அவரிடம் பீடி வாசம் கண்டதில்லை. வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஏலக்காய் மென்றுகொண்டே வருவார். ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருந்தாள்.

இந்த இடத்தில் உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அதுவே அவளுக்கும் தோன்றியது. பயிறு பிடிக்காத, பேசுகிற, பீடி குடிக்கிற அந்த ஆளுக்கு அங்கே ஒரு குடும்பமும் இருந்திருக்குமோ? மகளை உள்ளே போகச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, நேராகவே கேட்டாள்.

"அங்க வேற ஆராச்சும் இருந்தாங்களா தம்பி?"

மணிமாறன் பதறிப்போனான். "ஐயோ அக்கா. அண்ணன் உங்களப் பத்தித்தானுங்க பொழுதன்னைக்கும் பேசுவாரு. நாங்க ஆராச்சும் குடிச்சுட்டு வந்தாக்கூட, 'எம் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா உங்களயும் தொலைச்சுப்போடுவா, என்னயும் தொலைச்சுப்போடுவா'ம்பாரு. நாங்க அதுக்குப் பயந்துட்டே குடிக்கறதில்லீங்க."

"நானா?"

"நீங்க ஒரு அதட்டு அதட்டுனா ஆட்டையாம்பட்டிக் கடைவீதில முறுக்குச் சுத்தறவங்க கை நின்னு போயிருமாமுங்க."

இன்னொருத்தி இருந்திருந்தால்கூடத் தேவலை, உட்கார்ந்து திட்டித் தீர்த்திருக்கலாம். இருந்தது அவளே என்கிறார்கள், அவர்கள் சொல்கிற அவளோ இவள் இல்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்கள். இங்கே போர் போடுகிறவன் செத்த பிறகு கிளம்பியிருக்கிறது.

நம்பாமல் நிற்கிறாளே என்று மணிமாறன் தன் செல்போனைத் துடைத்து அவள் கையில் கொடுத்தான். சிறிய வீடியோ. லாரிக்குப் பக்கத்தில், நல்ல வெயிலில், சென்னியப்பன் துண்டை முந்தானை மாதிரித் தோளில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு, கையில் கரண்டியோடு நிற்கிறார். கண்ணில் அப்படியொரு குறும்பு. குரலைக் கீச்சென்று ஆக்கிக்கொண்டு பேசுகிறார்:

"ஏனுங்க, இத்தன நாளு எந்தக் காட்டுல போயிப் படுத்துட்டீங்க? ஊடுன்னு ஒண்ணு இருக்கற நெனப்பிருக்குதா? கூறுகெட்ட மசையாட்டம் எம்மூஞ்சியப் பாத்துட்டு நிக்காதீங்க. போயிக் கையக் கழுவிட்டு வந்து உக்காருங்க, சோறு ஆறுது."

சுற்றிலும் சிரிப்பு. உடனே துண்டை உருவித் தலையில் கட்டிக்கொண்டு, முதுகைக் கூனிக்கொண்டு, தன் சொந்தக் குரலில் சொல்கிறார்: "செரி புள்ள. கோவிச்சுக்காத புள்ள. இனிமே வெரசா வந்தர்றேன் புள்ள." அதைச் சொல்லும்போது அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைத் தமிழ்ச்செல்வி தன் வாழ்நாளில் பார்த்ததில்லை.

"இது ஆரு, கரண்டி வெச்சுட்டுப் பேசறது?" என்று கேட்டாள்.

"நீங்கதானுங்கக்கா."

அவள் மறுபடி பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள். எப்போது பேசினாள் இப்படி? ஒரு தடவைகூட இல்லை. மனதுக்குள் பேசியிருக்கிறாளா? யோசித்துப் பார்த்தால், அவர் பையோடு வாசலில் வந்து நிற்கும் ஒவ்வொரு தடவையும் தொண்டைவரை ஏதோ வரும். அதை விழுங்கிவிட்டு, "வாங்க" என்பாள். விழுங்கியது அவருக்கு எப்படித் தெரிந்தது? அல்லது அவருக்குத் தெரியவே தெரியாமல், தானாக ஒரு பெண்டாட்டியைச் செய்துகொண்டு அவளோடு குடும்பம் நடத்தினாரா? அப்படியானால் இங்கே நின்று பயிறு ஊற்றியவளை அவருக்குப் பிடித்ததா, பிடிக்கவில்லையா? இதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. இலையில் எதை வைப்பது என்பதும் இதில்தான் இருந்தது. தெரியாமல் எதையாவது வைத்து, அவர் வாசலோடு திரும்பிவிட்டால்?

"புடிக்காத பயிற எதுக்குத் தின்னாங்க? நான் வெச்சது ஒரு பருக்க உடாமத் தின்னாங்களே?"

அப்புசாமிதான் சொன்னார். "நாங்களும் கேட்டமுங்க. 'அவளுக்குப் பயிறுன்னா உசுரு. நான் போன அன்னைக்கு வேறெதும் ஆக்கமாட்டா. நான் வேண்டாமுன்னா அவளும் திங்கமாட்டா. அதனால கண்ண மூடிட்டு முழுங்கிப்போடுவேன்' அப்படின்னாருங்க."

தமிழ்ச்செல்விக்குப் பயிறு ஆகவே ஆகாது. ஒரு கரண்டி தின்றால் விடிகிறவரை நெஞ்செரியும். ஆனால் அது அவருக்கு எப்படித் தெரியும்? அவள் தின்று அவர் பார்த்ததே இல்லை. தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். அது தாய்க்கும் பிள்ளைக்கும். புருஷன் பெண்டாட்டிக்கு என்ன பழமொழி என்று அவளுக்குத் தெரியவில்லை.

"முழங்கால் வலி எப்படி இருந்துச்சுங்க அவுங்களுக்கு, கடைசியா?" என்று பேச்சை மாற்றுவதற்காகக் கேட்டாள்.

"முழங்காலுங்களா?" மணிமாறன் விழித்தான். "அண்ணனுக்கா? ரிக்கு டவர்ல வயசுப் பசங்க ஏறப் பயந்தா, எட்டப் போங்கடான்னு அவரு கொரங்காட்டம் ஏறிருவாரு. அவருக்கேதுங்க முழங்கால் வலி?"

அவள் பின்வாசலுக்குப் போய்விட்டாள். தண்ணீர்த் தொட்டியோரம் உட்கார்ந்தாள். கல்யாணமான மறு வருஷம் திருச்செங்கோட்டு மலைக்குப் படியேறிப் போனார்கள். பாதிப் படியில் அவளுக்கு மூச்சு வாங்கியது. உட்காரலாம் என்று சொல்ல வெட்கம். முன்னால் போனவர் திரும்பிப் பார்த்தார். "முழங்கால் வலிக்குது, செத்த உக்காந்துட்டுப் போலாமா?" என்றார். அவளுக்கு எவ்வளவு நிம்மதி, எவ்வளவு பரிதாபம். அன்றிலிருந்து அவர் ஊருக்கு வரும்போதெல்லாம் நல்லெண்ணெய் காய்ச்சி, பூண்டு தட்டிப்போட்டு, முழங்காலுக்குத் தேய்த்துவிட்டிருக்கிறாள். அவரும் வேட்டியைத் தொடைவரை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஆடாமல் அசையாமல், கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வலிக்காத காலுக்கு.

அவளுக்கு அழுகை வந்தது. கூடவே ஆத்திரமும் வந்தது. எது முன்னால் வந்தது என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. ஒரு மனுஷன் தன்னிடம் பொய்யாக வாழ்ந்திருக்கிறான் என்றும் இருந்தது, இதைவிட மெய்யாக எவன் வாழ்வான் என்றும் இருந்தது. மகள் மணிமாறனிடம் அந்த வீடியோவை வாங்கிப் பார்த்துவிட்டு வந்து தோளைத் தொட்டாள். "அம்மா, அப்பா நல்லாத்தான சிரிக்கறாங்க அதுல" என்றாள்.

பொழுது இறங்கியபோது உள்ளே வழக்கு முற்றியிருந்தது. அப்புசாமி யாரையும் கேட்காமல் ஒரு சட்டியில் பச்சப்புளி ரசம் கரைத்துவிட்டார். முத்தாயம்மாள் பயிற்றுச் சட்டியை மடியில் வைத்துக்கொள்ளாத குறை.

"கண்ட நாத்தத்தக் கரைச்சு எலையில ஊத்தறதுக்கு இதென்ன உங்க லாரியா? அவன் என்ற தம்பி. நாந்தூக்கி வளத்துனவன்."

"அவருக்குப் புடிச்சத வெக்கோணுமல்லங்க."

"அவனுக்குப் பயிறுதான் புடிக்கும்."

"அத்தை," என்றாள் ஜெயப்பிரியா, "அப்பாவுக்குப் பயிறு புடிக்கும்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எப்பிடித் தெரியுமா? சின்னதுல வெச்சா வெச்சதத் திம்பான். தட்டத் தொடச்சு வெப்பான். நல்லாருக்குதாடான்னா நல்லாருக்குதுக்காம்பான்." முத்தாயம்மாளின் குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. "வேற என்ன இருந்துச்சு அன்னைக்கு ஊட்டுல? காட்டுல வெளைஞ்சது அது ஒண்ணுதான். அதத்தான் ஆக்குனேன். அவனும் தின்னான்."

சட்டியைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு எல்லாருடைய முகமும் ஒன்றுபோலத் தமிழ்ச்செல்வி பக்கம் திரும்பியது.

"நீயே சொல்லு சாமி" என்றாள் முத்தாயம்மாள். "நீதான பொண்டாட்டி. என்ன வெக்கறது?"

"எனக்குத் தெரியலீங்க நங்கை" என்றாள் தமிழ்ச்செல்வி.

சொல்லிவிட்டுப் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதுபண்ணி மாட்டியிருந்தார்கள். அதில் சென்னியப்பன் வீட்டு நாற்காலியில் இருப்பவரைப்போலத்தான் இருந்தார், வாயை இறுக்கி மூடிக்கொண்டு. அந்த மூடிய வாயைப் பார்க்கப் பார்க்க அவளுக்குத் தொண்டைவரை ஏதோ வந்தது. எப்போதும் வருவதுதான். இந்தத் தடவை விழுங்க முடியவில்லை.

"ஏனுங்க," என்றாள், "பயிறு புடிக்கலீன்னா புடிக்கலீன்னு சொல்றதுக்கு உங்களுக்கு என்ன கேடு? நானென்ன சட்டியத் தூக்கி உங்க தலைமேலயா போடப்போறேன்? எனக்குந்தான் அது ஆகாது. தின்னா நெஞ்செல்லாம் எரியுது. உங்களுக்காவ நான் ஆக்கி, எனக்காவ நீங்க தின்னு, நல்லாப் பொழச்சோம் போங்க பொழப்பு. வலிக்காத காலுக்கு எண்ணெயி தேச்சுத் தேச்சு என்ற கையி காப்புக் காச்சுப்போச்சு. அங்க அத்தன பேசற வாயி இங்க வந்தா மட்டும் ஒட்டிக்குமா? எம்பேரு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? புள்ளயாம் புள்ள. ஒருக்கா இங்க வந்து கூப்புட்டிருந்தா என்ன, நாக்கு வெந்து போயிருமா?"

மூச்சு வாங்கியது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"நான் திட்டோணும்னு உங்களுக்கு அத்தன ஆச இருந்தா, வந்து கேட்டிருக்கலாமல்ல? நல்லாத் திட்டியிருப்பனே நான். எனக்கென்ன, திட்டத் தெரியாதா?"

பின்னால் மணிமாறன் விசும்பினான். "இதேதானுங்க" என்று அப்புசாமியிடம் சொல்வது கேட்டது. "அண்ணன் சொன்ன அக்கா இதேதானுங்க."

தமிழ்ச்செல்வி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். மத்தியானம் அரிசிம்பருப்புச் சோறு ஆக்கிய குண்டா கழுவாமல் கிடந்தது. அடியில் காந்தல் பிடித்திருந்தது, நல்ல பொன்னிறத்தில், மொறுமொறுவென்று. ஊரில் அதற்காக அடித்துக்கொள்கிற பிள்ளைகள் உண்டு. இந்த வீட்டில் அது அவளுடையது. எல்லாரும் தின்று எழுந்த பிறகு, அடுப்படியில் தனியாகக் குந்திக்கொண்டு, கரண்டியால் சுரண்டி, கண்ணை மூடிக்கொண்டு தின்பாள். அதற்குச் சமானமாக ஒரு தீனி அவளுக்குக் கிடையாது. தீய்ந்ததைப் புருஷனுக்கு வைப்பார்களா என்று அவருக்கு ஒரு துண்டுகூடக் கொடுத்ததில்லை.

சுரண்டி எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டு வந்தாள். படத்துக்கு முன்னால் ஒரு இலை போட்டாள். எதிரே இன்னொன்று.

"என்ன சாமி பண்றே?" என்றாள் முத்தாயம்மாள். "காந்தலப் போயிப் படைப்பாங்களா? ஆருக்கு ரெண்டாவது எலை?"

"எனக்குங்க."

"கதவச் சாத்தோணும். உள்ள ஆளிருந்தா அவன் வரமாட்டான்."

"வந்தா வரட்டுங்க நங்கை, வராட்டிப் போகட்டும். தனியா உக்கார வெச்சு வெச்சுத்தான் இப்பிடி ஆயிப்போச்சு. பயிறும் வேண்டாம், ரசமும் வேண்டாம். அவுங்களுக்கு என்ன புடிக்கும்னு எனக்குத் தெரியல. எனக்குப் புடிச்சது இதுதான். அவுங்களும் தெரிஞ்சுக்கட்டும்."

முத்தாயம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஜெயப்பிரியா அத்தையின் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனாள். மணிமாறனும் அப்புசாமியும் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் போனார்கள். தமிழ்ச்செல்வி கதவைச் சாத்தினாள்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காந்தலை இரண்டாக ஒடித்து, பெரிய துண்டை அவர் இலையில் வைத்தாள். சிறியதைத் தன் இலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "கருகலா இருக்குதேன்னு பாக்காதீங்க" என்றாள். "நல்லாருக்கும். இத்தன நாளு உங்களுக்குக் குடுக்காம நானே தின்னுட்டேன்."

அவர் முதலில் கை வைக்கட்டும் என்று பழக்கத்தில் காத்திருந்தாள். வெளியே பேச்சுக்குரல்கள் வாசலைவிட்டு நகர்ந்து போயின. வாயை மூடிக்கொண்டிருந்த அந்த முகத்தைப் பார்த்தாள். இதில் எது அவர், வீடியோவில் சிரித்தது எவர் என்று இன்னும் அவளுக்குப் பிடிபடவில்லை.

பிறகு அவளே முதலில் ஒரு துண்டை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.